முழு விலைச் சேலை

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இந்தப் பையை மட்டும் கீழ வைக்கச் சொல்லாதீங்க, மடியிலயே இருக்கட்டும். கோடிச் சேலை. என் தங்கச்சி விடியக்காலம் தவறிருச்சு. ஆண்டிபட்டி தாண்டி கன்னிமார்பட்டின்னு ஒரு ஊரு, அங்கதான் கட்டிக் குடுத்துருந்தேன். பொறந்த வீட்டுச் சேலை மேல விழாம பொம்பளையை எடுக்க மாட்டாங்க எங்க பக்கம். அம்மா இல்ல, அப்பா இல்ல. பொறந்த வீடுன்னா அவளுக்கு நான் ஒருத்தன்தான்.

நான் அழலை தம்பி. போய்த்தான் அழணும். பஸ்ஸிலயே அழுது தீத்துட்டா அங்க போய் என்ன செய்யறது?

இன்னைக்கு வியாழக்கிழமையா, ஒன்றரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன எடுத்துரணும்னு பேசியிருக்காங்க. நான் போயிருவேன். இந்த வண்டி ஒரு மணிக்கு ஆண்டிபட்டியைத் தொட்டுரும்னு கண்டக்டரே சொன்னாரு. நிறுத்தி நிறுத்திப் போகுது, ஒத்துக்கிறேன். மதுரை ஆரப்பாளையத்துல நான் போய் நிக்கையில பக்கத்துலயே எக்ஸ்பிரஸ் வண்டி ஒண்ணு புறப்பட்டுச்சு. ஆனா அது கன்னிமார்பட்டி விலக்குல நிக்காது. தேனிக்குப் போய் இறங்கித் திரும்பி வரணும். அதுக்கு ஒரு டிக்கெட், இதுக்கு ஒரு டிக்கெட். நிக்காத வண்டிக்கு எதுக்குக் கூடக் குடுக்கணும்? கேட்டா டிரைவர் நிறுத்தியிருப்பான்னு சொல்றீங்க. இருக்கலாம். கேக்கலை.

காருன்னு யாரும் சொல்லலையான்னு நினைக்கிறீங்க. சொன்னாங்க. காலையில சேதி வந்ததும் எங்க தெருவுல இருக்கிற சொந்தக்காரங்கல்லாம் ஒரு வேன் புடிச்சாங்க. ராஜாமணியை அதுல ஏத்தி அனுப்பிட்டேன். ராஜாமணி என் வீட்டுக்காரி. அவ வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி என்ன சொன்னா தெரியுமா? "பீரோவுல பிரிக்காத சேலை அடுக்கிக் கெடக்கு, அதுல ஒண்ணைக் கையில எடுத்துட்டு இதுலயே ஏறுங்க, கடை எப்பத் தொறக்க, நீங்க எப்ப வர"ன்னா. கெடக்குதான். வருசா வருசம் ஆடித் தள்ளுபடியில வாங்கிப் போட்டுருவேன். யாரு வீட்டுல கல்யாணம், யாரு வீட்டுல வளைகாப்புன்னாலும் தை மாசம், வைகாசி மாசம் கடைக்கு ஓட வேண்டியதில்ல, பீரோவைத் தொறந்தாப் போதும். ஆனா இன்னைக்கு என்னால முடியலை தம்பி. ஆடித் தள்ளுபடிச் சேலையையா என் தங்கச்சி மேல போடுவேன்? "நீ போ, நான் முழு வெலை குடுத்து நல்ல சேலையா எடுத்துட்டு வர்றேன்"னேன். அவ என் மூஞ்சியையே பாத்தா. வேன்காரன் ஹாரன் அடிச்சான். வெயிட்டிங்குக்குத் தனியாக் கேப்பானாம், அதனால போங்கன்னுட்டேன்.

கடை பத்து மணிக்குத்தான் தொறந்தாங்க. கோடிக்குன்னு சொன்னதும் சேல்ஸ்மேன் மரியாதையா எந்திரிச்சு நின்னு ஒரு சேலையை எடுத்து முன்னால வச்சான். அரக்குக் கலரு, சின்ன சரிகை. கோடித் துணிக்குப் பேரம் பேசக் கூடாதும்பாங்க. எடுத்துப் போட்டதுல கை வைச்சதை வாங்கிட்டு வந்துரணும், திருப்பித் திருப்பிப் பாக்கக் கூடாது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் பேரம் பேசலை. ஆனா தம்பி, முழு வெலைன்னா அது நியாயமான முழு வெலையா இருக்கணும்ல? இவன் சொல்றதுதான் முழு வெலைன்னு எப்படி நம்புறது? அதே சேலையை எதுத்த கடையில என்ன வெலைன்னு ஒரு எட்டுப் பாத்தேன். அங்க இல்ல. அடுத்த தெருவுல இருந்துச்சு, ஆனா கலரு வேற. திரும்பி வந்து இதையே எடுத்துட்டேன். வெலையைக் கேட்டேன், எண்ணி வச்சேன். "கழிவு ஏதும் உண்டா"ன்னு மட்டும் வாயில வந்துருச்சு. அது பேரமா? அது ஒரு பேச்சு. அவன் இல்லைன்னான், நானும் சரின்னுட்டேன். அறுபது வயசுல மொதத் தடவையா முழு வெலை குடுத்து ஒரு சேலை.

என்னைப் பாத்துக் கஞ்சன்னு நினைச்சிராதீங்க. எங்க தெருவுல நினைக்கிறாங்க. என் பேரு சங்கிலி. 'சங்கிலியா, அவன் கொசுவலையையும் தவணையில தொவைப்பான்'னு சொல்லுவாங்களாம். சொல்லிட்டுப் போகட்டும். நான் மிச்சம் புடிக்கலைன்னா மயிலு எங்க? மயில்தாய்னு பேரு அவளுக்கு. எங்க அப்பா மில்லுல இருக்கையில நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எந்திரிக்கலை. அம்மா அடுத்த வருசமே போயிருச்சு. மயிலு அப்ப பாவாடைதான் கட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு மீசை அரும்பிக்கிட்டு இருக்கு. அப்பா வேலையை எனக்குக் குடுத்தாங்க, ஸ்டோர்ல எடுபிடி. அந்தச் சம்பளத்துல ரெண்டு வயிறு, வாடகை, அவ படிப்பு. மிச்சம் புடிக்காம எப்படி?

காய்கறி வாங்கக் கடை கட்டுற நேரத்துக்குத்தான் போவேன். அப்பத்தான் கூறு போட்டுக் குடுப்பான். இட்லிக்குக் குருணை. புளியை மாசியிலயே வருசத்துக்கும் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுச் சட்டியில அமுக்கிருவோம். சோப்பு தேஞ்சு வில்லையானா அதைப் புதுச் சோப்பு முதுகுல ஒட்டிருவா மயிலு. பேஸ்ட் டியூப்பைக் கத்திரியால நறுக்கி உள்ள விரலை விட்டு வழிச்சிருவா. சிரிச்சுக்கிட்டே செய்வா தம்பி. "அண்ணே, இன்னும் ரெண்டு நாளைக்கு வருது பாருண்ணே"ன்னு கொண்டாந்து காட்டுவா. பேக்கரியில அடியில நொறுங்கிக் கெடக்கிற பிஸ்கட்டைத் தூளா அள்ளிப் பொட்டலம் போட்டுக் குடுப்பான், அதை டீயில கரைச்சுக் குடிப்போம். நல்லாத்தான் இருக்கும். முழுப் பிஸ்கட்டு வாங்கினாலும் வாயில போனா தூள்தான.

ஒண்ணே ஒண்ணு கேட்டா ஒரு தடவை. சித்திரைத் திருவிழாவுல கண்ணாடி வளையல். எதிர்சேவை அன்னைக்குக் கேட்டா. நான், "பொறு, திருவிழா முடியற அன்னைக்கு எல்லாத்தையும் பாதி வெலைக்குத் தள்ளுவான், அப்ப ரெண்டு டஜனா வாங்கித் தர்றேன்"னேன். சொன்ன மாதிரியே கூட்டிட்டுப் போனேன். அவ அளவு தீந்துருச்சு, பெருசுதான் இருந்துச்சு. பரவாயில்லன்னு அதையே போட்டா. கையைத் தொங்கப் போட்டா கழண்டு விழும். அதனால திருவிழாவுக்கு மறுநாள்லேருந்து ஒரு மாசம் கையை மடக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டே திரிஞ்சா. அவ்வளவு ஆசை அந்த வளையல் மேல.

அப்படிச் சேத்த காசுதான் அவ கழுத்துல ஏறுச்சு. மாப்பிள்ளை வீட்டுல கேட்டதுக்கு மேலயே ஒரு பவுன் போட்டேன். மாப்பிள்ளை குருசாமி நல்ல மனுசன், தோட்டம் இருக்கு, கிணறு இருக்கு. கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல வந்தவன் எல்லாம் ஸ்டோர் எடுபிடி எங்கிட்டுருந்து இம்புட்டு நகை போட்டான்னு பேசினாங்க. சோப்புலேருந்தும் புளியிலேருந்தும் போட்டேன், வேற எங்கிட்டுருந்து.

சரி, அதுக்கப்புறம் நிறுத்தியிருக்கலாம்லன்னு ராஜாமணி கேப்பா. எதை நிறுத்த? மூச்சு விடுறதையா?

கல்யாணமாகி ரொம்ப வருசம் மயிலுக்குக் குழந்தை இல்ல. கோயில் கோயிலா அலைஞ்சா. கடைசியில பொறந்தான் ஒருத்தன், தர்ஷன். அவனுக்குக் காதுகுத்துன்னா சும்மாவா? தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், தாய்மாமன் சீர் வந்தாத்தான் பந்தலுக்கு அழகு. அந்த ஊர்ல ஒருத்தன், அவன் தங்கச்சி மகனுக்கு எழுபது எண்பது தட்டு கொண்டாந்து எறக்கினானாம். மயிலு போன்ல அதைச் சொல்லிச் சிரிச்சா. சும்மா சொன்னாளோ என்னமோ. நான் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், நம்ம நூத்தியொரு தட்டுன்னு.

ஒரு வருசம் தம்பி. ஒரு வருசமா வேற வேலையே இல்ல எனக்கு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு எங்க போட்டிருக்கான், சலவைத் தூளுக்கு எந்தக் கடையில பக்கெட்டு தர்றான், சத்துமாவு டப்பாவோட எங்க டிபன் பாக்ஸ் தர்றான், டீத்தூளுக்கு ஸ்பூனு, எண்ணெய் டின்னுக்குப் பிளாஸ்டிக் ஜாடி. மதுரையில நான் போகாத கடை கெடையாது. சலவைத் தூள் எங்க வீட்டுல கட்டிலுக்கடியில மூட்டையாக் கெடந்துச்சு, நாங்க மூணு வருசம் தொவைச்சோம். சேலை, வேட்டி, துண்டு எல்லாம் ஆடியில எடுத்தது. பழம், பூ, வெத்தலை, இனிப்பு இதெல்லாம் அன்னன்னைக்கு வாங்கணும், அதுக்கென்ன. கடுக்கன் தங்கத்துலதான் போட்டேன், அதுல நான் கை வைக்கலை. தட்டு நூத்தியொண்ணும் ரொம்பிருச்சு. கலர் தாளு ஒட்டி, ராஜாமணியும் அவ தங்கச்சிகளும் சொந்தக்காரப் பொம்பளைகளும் தலையில தூக்கிட்டு, முன்னால மேளம், நான் மாலையோட நடந்து போறேன். ஊரே வேலியோரம் வந்து நின்னு பாத்துச்சு. அந்த நடை நடந்தது ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும். என் ஆயுசுக்கும் அது போதும்னு அப்ப நினைச்சேன்.

பந்தல்ல மைக்கு வச்சுத் தட்டுத் தட்டா வாசிக்கிறது அந்தப் பக்கத்து வழக்கம். ஒருத்தன் வாசிக்கிறான், "தாய்மாமன் சீர், சில்வர் குடம் ஒண்ணு, தாய்மாமன் சீர், பக்கெட்டு ஒண்ணு"ன்னு. மாப்பிள்ளையோட அக்கா ஒருத்தி உண்டு, பூங்கொடின்னு, அந்தம்மா ஒரு பக்கெட்டைத் தூக்கித் திருப்பிப் பாத்துச்சு. ஸ்டிக்கர் எல்லாத்தையும் தேங்காயெண்ணெய் தேச்சு உரிச்சுட்டோம் தம்பி, ஒண்ணு விடலை. ஆனா பக்கெட்டு அடியில அச்சாவே வார்த்துருக்கான், அதை எப்படி உரிக்க? 'இலவசம், விற்பனைக்கு அல்ல'ன்னு அந்தம்மா வாசிச்சுச்சு. மைக்கு பக்கத்துல. பந்தல் பூராம் கேட்டுருச்சு. அப்புறம் ஒவ்வொருத்தியா வந்து ஒவ்வொண்ணாத் திருப்புறாளுக. டிபன் பாக்ஸைத் திருப்பினா அதுலயும் இருக்கு, ஜாடியைத் திருப்பினா அதுலயும் இருக்கு. ஒரு சிரிப்பு, பாருங்க. மேளக்காரன் கூடச் சிரிக்கிறான்.

இலவசம்னா? அந்தத் தூளைக் காசு குடுக்காமலா தந்தான்? அதை ஒருத்தரும் யோசிக்கலை.

மயிலு சிரிக்கலை. மடியில பையனை வச்சிருந்தவ அவனை என் கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போனா. எல்லாப் பக்கெட்டையும் ஒண்ணொண்ணா எடுத்து எழுத்துத் தெரியாம நேரா வச்சா. பட்டுச் சேலையோட, வேர்க்க வேர்க்க, குனிஞ்சு குனிஞ்சு. சிரிச்சுக்கிட்டு இருந்தவளுகள்லாம் அவளைப் பாத்துட்டு மெள்ள அடங்கிட்டாளுக. அப்புறம் வந்து உக்காந்தா, காது குத்தினாங்க, சாப்பிட்டோம்.

கெளம்பையில பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தா. வந்து ஒரு வார்த்தை சொன்னா. "அண்ணே, இனிமே நீ எனக்கு எதுவும் கொண்டு வராதண்ணே. நீ மட்டும் வா. நீ வந்தாப் போதும்"னா.

எப்படி இருக்கு பாருங்க. எதுவும் கொண்டு வராதேன்னா என்ன அர்த்தம்? உன் சீர் எனக்கு வேணாம்னு அர்த்தம். பொறந்த வீடே வேணாம்னு அர்த்தம். இல்ல தம்பி, அப்படி இல்ல, உங்களுக்குப் புரியாது. ராஜாமணியும் நீங்க சொல்ற மாதிரியேதான் சொல்லுவா, 'அவ உங்களைத்தான கூப்பிட்டா'ன்னு. தங்கச்சி வீட்டுக்கு ஒரு அண்ணன் கையை வீசிக்கிட்டுப் போவானா? நான் என்ன நன்கொடை வசூலுக்கா போறேன்? ஒரு சீப்பு பழமாவது கையில இல்லாம நான் அந்த வாசல்படி மிதிக்க மாட்டேன். அவ வேணாம்னுட்டா. அப்ப எப்படிப் போறது? அதான் போகலை.

எட்டொம்பது வருசம் ஆச்சு. சண்டையெல்லாம் இல்ல. அவ போன் பண்ணுவா, பொங்கலுக்கு, தீவாளிக்கு, சும்மா சும்மாவும். முன்னல்லாம் நான் மிஸ்டு கால் குடுப்பேன், உடனே அவ கூப்பிடுவா, அது எங்களுக்குள்ள ஒரு பழக்கம். காதுகுத்துக்கப்புறம் நான் மிஸ்டு காலும் குடுக்கலை. அவளாக் கூப்பிட்டா ராஜாமணி எடுப்பா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். "அண்ணன் இருக்காரா"ன்னு கேட்டா, ராஜாமணி என்னைப் பாப்பா, நான் கையை ஆட்டுவேன்.

உசிலம்பட்டியா? வந்துருச்சா? ஏன் வண்டியை ஓரங்கட்டுறான்? டீக்கு நிறுத்துறானா, இப்பவா? ஏங்க கண்டக்டரே, ஒரு சாவு வீட்டுக்குப் போறேங்க... பத்து நிமிசமாம். எல்லாருக்கும் பசிக்கும்தான். இருங்க தம்பி, போன் அடிக்குது. ராஜாமணி.

என்ன... ஆமா, உசிலம்பட்டி... ஆமா... யாரு, மாப்பிள்ளையா சொன்னாரு? சரி சரி. சொல்லு, வந்துட்டேன்னு சொல்லு. வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு.

கேட்டீங்களா தம்பி? பாடை கட்டிட்டாங்களாம். குளிப்பாட்டியாச்சாம். மாப்பிள்ளை யாரையும் தொட விடலையாம். "மச்சான் வரட்டும், அவரு கோடி விழாம எடுக்கக் கூடாது"ன்னு வாசல்ல உக்காந்துட்டாராம். எனக்காக நிறுத்தி வச்சிருக்காங்க! இத்தனை வருசம் கழிச்சும் பாத்தீங்களா, நான்தான் அங்க பொறந்த வீடு. நான் வராம நகராது. எனக்கு இப்பத்தான் தம்பி நெஞ்சுல பாரம் கொஞ்சம் எறங்குது. போய் அவ மேல இதை விரிச்சுட்டேன்னா போதும். ஒரு தடவை அந்த ஊரு பாக்கட்டும்.

என்ன சொல்றீங்க? அந்தா நிக்கிற காரா? கேக்கலாம்கிறீங்களா? சரி, இடத்தைப் பாத்துக்கங்க, பையை நானே எடுத்துட்டுப் போறேன்.

...

நகருங்க தம்பி, வந்துட்டேன். பொறப்புடுறான்ல? ஹாரன் அடிச்சதும் ஓடி வந்தேன். அநியாயம் தம்பி, பகல் கொள்ளை. இங்கருந்து அங்க எம்புட்டுத் தூரம்? அவன் கேக்குற காசுக்கு மதுரைக்கே போய்த் திரும்பி வரலாம். சாவுக்குப் போறவன்னு தெரிஞ்சே கேக்குறான். குடுக்குறவன் இருந்தா கேப்பான்தான். கொஞ்சம் குறைச்சான், நானும் கொஞ்சம் ஏறினேன், ஒத்து வர்ற மாதிரித்தான் இருந்துச்சு. அதுக்குள்ள இவன் ஹாரன் அடிச்சுட்டான். டிக்கெட்டு வேற ஏற்கெனவே எடுத்தாச்சு. இதுலயே போயிரலாம். எனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்காங்களே.

மயிலுக்கு என்னன்னு கேட்டீங்கள்ல. கிட்னி. போன வருசம் ஐப்பசியில கண்டுபுடிச்சாங்க. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியிலதான் ரெண்டு வாரம் இருந்தா. எங்க வீட்டுலேருந்து நடக்குற தூரம். ராஜாமணி தெனம் கஞ்சி கொண்டு போவா. வந்து, "அண்ணன் எப்ப வருதுன்னு கேட்டா"ம்பா. தெனமும் அதேதான் கேட்டாளாம். நான் போகாம இல்ல தம்பி. ஒரு நாள் சட்டையை மாட்டிட்டுப் போனேன். வாசல் வரைக்கும் போனேன். நோயாளியைப் பாக்கப் போறேன், கையில ஒண்ணும் இல்ல. வாசல்ல பழக்கடை. ஆப்பிள் என்ன வெலைன்னா, நம்பவே மாட்டீங்க, மார்க்கெட்டுல அதுல பாதி. நோயாளிகளைப் பாக்க வர்றவங்கன்னா இப்படியா உரிப்பாங்க? அங்கருந்து மாட்டுத்தாவணிக்கு ஒரு பஸ் ஏறி, பழ மார்க்கெட்டுல பேசி, ஒரு பெட்டியாவே வாங்கிட்டு வந்தேன். கருஞ்சிவப்பா, நல்ல பழம். வந்து சேர்றதுக்குள்ள பார்வை நேரம் முடிஞ்சுருச்சு. வாச்மேன் விடலை. சரி, நாளைக்குன்னு வந்துட்டேன். மறுநாள் காலையிலயே அவளை ஊருக்கு அனுப்பிட்டாங்க, இதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு.

பழம் வீணாப் போகலை. நாங்க சாப்பிட்டோம்.

ராஜாமணி மட்டும் ஒண்ணு கூடச் சாப்பிடலை. அதிலிருந்து அவ எங்கிட்ட அதிகம் பேசுறதில்ல. என்ன கோவம்னு தெரியலை. நான் அவளுக்கும் சேத்துத்தான வாங்குனேன்.

மலை வந்துருச்சு, பாருங்க, கணவாய். இது எறங்கினா ஆண்டிபட்டி. மணி என்ன தம்பி? ஒண்ணரை தாண்டிருச்சா? உங்க கடிகாரம் வேகமா ஓடுதோ? போன்லயும் அதேதான் காட்டுதா. ராகுகாலம்னா கணக்கு முன்னப் பின்ன இருக்கும். நிறுத்தி வச்சிருக்காங்களே. மாப்பிள்ளை சொன்னாச் சொன்னதுதான்.

அவ மொகத்தைப் பாத்து எட்டொம்பது வருசம் ஆச்சு தம்பி. ராஜாமணி சொல்லுவா, ரொம்ப எளைச்சுட்டா, முடியெல்லாம் நரைச்சுருச்சுன்னு. எனக்கு அப்படி நினைச்சுப் பாக்கவே வரலை. எப்ப நினைச்சாலும் பந்தல்ல குனிஞ்சு நிக்கிறாளே, அப்படியேதான் தெரியுறா. இன்னைக்குப் பாத்துருவேன். என்னமோ ஒரு பயமா இருக்கு.

போன். ராஜாமணிதான்.

சொல்லு. கணவாய் எறங்கிட்டேன்... என்ன? சத்தமாச் சொல்லு, கேக்கலை. யாரு... எப்ப? மாப்பிள்ளை எங்க? அவரு... ஏன், பத்து நிமிசம், பத்து நிமிசம்தான... சேலை? சேலை எது? யாரோடது? சரி. சரி. வை.

எடுத்துட்டாங்களாம் தம்பி.

ஊர்ப் பெரியவங்க சத்தம் போட்டாங்களாம். ராகுகாலம் தொடங்கப் போகுது, ராகுகாலத்துல எடுத்தா ஊருக்கு ஆகாதுன்னு. மாப்பிள்ளை கெஞ்சிப் பாத்தாராம். "வந்துட்டே இருக்காரு, வந்துட்டே இருக்காரு"ன்னாராம். அப்ப பக்கத்து வீட்டுல ஒரு பொம்பளை, பேரு கூட எங்களுக்குத் தெரியாது, அவ மக கல்யாணத்துக்கு வாங்கி வச்சிருந்ததாம், மடிப்புக் கலையாத சேலை, ஓடிப் போய் எடுத்துட்டு வந்து ராஜாமணி கையில குடுத்தாளாம். "உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லிப் போடுங்கக்கா, காசெல்லாம் வேணாம்"னாளாம். ராஜாமணி போட்டுட்டா. 'சங்கிலி அண்ணன் கோடி'ன்னு மூணு தடவை சொல்லிப் போட்டாளாம்.

ஓசிச் சேலை தம்பி. என் பேர்ல என் தங்கச்சி மேல விழுந்தது ஓசிச் சேலை.

நான் என்ன தப்புப் பண்ணினேன், சொல்லுங்க? நான் முழு வெலை குடுத்தேன். கடைக்காரன்கிட்டக் கேட்டுப் பாருங்க. நான் எண்ணி வச்சதை அவன் பாத்தான். ஒரு ரூபா குறைக்கலை. கார்க்காரன் மட்டும் கேக்கிற காசைக் கொஞ்சம் நியாயமாக் கேட்டிருந்தா... இல்ல, அவனைச் சொல்லி என்ன. அய்யோ மயிலு. மயிலு. ஏந்தாயி, இன்னும் ஒரு பத்து நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா. ராகுகாலத்துக்கு முன்ன வந்துருவேன்னுதான தாயி கெளம்பினேன்.

இதை இப்ப வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது தம்பி. கோடின்னு சொல்லி எடுத்ததைக் கடைக்காரனும் வாங்க மாட்டான். யாருக்கும் கட்டக் குடுக்கவும் முடியாது. நீங்களாவது ஒரு தடவை பாருங்க. இந்தாங்க, அட்டையை நீக்கி விரிச்சே காட்டுறேன். அரக்குக் கலரு. சரிகையைப் பாருங்க, நெருக்கமாத்தான் இருக்கு. நல்ல சேலைதான தம்பி? ஒரு ஆளாவது பாத்துட்டா எனக்குப் போதும். இந்த முந்தியைத் தொட்டுப் பாருங்களேன், எவ்வளவு மெத்துன்னு இருக்குன்னு...

ஏன் தம்பி கையை இழுத்துக்கிட்டீங்க?

ஆமா. கோடித் துணி. தொட மாட்டாங்கதான். வீட்டுல குழந்தை குட்டி இருக்கும். மன்னிச்சுக்கங்க, எனக்குத் தோணலை.

ஆண்டிபட்டியும் தாண்டி விலக்கு வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி, நான் எறங்கிக்கிறேன்.